ஓடை இரைச்சல்

முடிச்சு அவிழவில்லை. பள்ளி வேனின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, தம்பியின் ஈரச் சட்டையை மடியில் போட்டு, அக்கா நகத்தால் நெம்பிப் பார்த்தாள். சட்டைக் கை ஒன்றை அவன் மரக்கிளையில் சுற்றி இறுக்கியிருந்தான். கிளையை வெட்டித்தான் எடுத்தார்களாம். கடைசியில் பல்லால் கடித்து இழுத்தாள். வாயெல்லாம் மண்.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பியின் உடலை ஏற்றிய வண்டி முன்னே போய்விட்டது. வனக்காவலர் மட்டும் வேன் சன்னலருகே நின்றார்.

"ரோட்டுக்குப் பக்கத்துலதாம்மா. கால் பாறையிடுக்குல மாட்டி முறிஞ்சிருக்கு. போற வர்ற வண்டிக்குத் தெரியட்டும்னு சட்டையைக் கழட்டிக் கட்டியிருக்காரு. அந்தக் குளிர்ல."

"கத்தியிருப்பானா?"



"கத்தாம இருப்பாங்களா? மழை பெஞ்சா ஓடை போடற இரைச்சல்ல பக்கத்துல நிக்கறவன் பேசறதே காதுல விழாது. அமைதியா இருக்கலாம்னு வர்றாங்க. காட்டுல ஏதும்மா அமைதி. ஒரு கம்பளி, ஒரு விசில் இருந்திருந்தாகூட..."



தம்பிக்கு மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கிற வேலை. கரண்ட் போனால் ஊரே அவன் காதில்தான் வந்து திட்டும். "ரெண்டு நாள் மனுஷக் குரலே கேக்காத இடத்துல இருக்கணும்கா" என்றான். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ரொட்டிப் பொட்டலம், போட்டிருந்த பருத்திச் சட்டை. போனை அலமாரியில் வைத்துவிட்டான். காட்டில் எந்தப் பக்கம் போகிறான் என்றும் சொல்லவில்லை. அவன் மனைவி வாசலை மறித்து நின்றாள். அந்த நேரம் பார்த்து வந்த அக்காதான் சிரித்தாள்.

"விடும்மா. புலியா தூக்கிட்டுப் போயிடப்போகுது? மனுஷன் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

தம்பி மனைவி நகர்ந்து வழிவிட்டாள்.

சொன்ன நாளில் அவன் திரும்பாதபோதும், "பிடிச்சுப்போயிருக்கும், நாளைக்கு வருவான். ஊரைக் கூட்டி அவன் மானத்தை வாங்காதே" என்று சொன்னது அக்காதான்.

சட்டையைச் சுருட்டி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

வீட்டில் முன்னறையில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். தம்பி மனைவி சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்திருந்தாள்.

"அண்ணி, கூப்பிட்டிருப்பாரா?"

"இல்லம்மா. விழுந்த உடனேயே போயிட்டான். ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"சட்டை எங்க?"

"கிழிஞ்சுபோச்சுன்னு ஆஸ்பத்திரியிலயே எடுத்துக்கிட்டாங்க."

தம்பி மனைவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தாள்.

"நகத்துல எல்லாம் மண்ணா இருக்கு அண்ணி. கழுவிக்கங்க."

அக்கா குழாயடிக்குப் போய் வெகுநேரம் கழுவினாள். பள்ளிப் பிள்ளைகளை அதட்டி அதட்டித் தடித்துப்போன குரல் அவளுக்கு.

திரும்பி வந்து, உட்காருவதற்காகச் சாப்பாட்டு மேசையடியிலிருந்து நாற்காலி ஒன்றை இழுத்தாள். அது ஓசையே இல்லாமல் நகர்ந்தது. குனிந்து பார்த்தாள். நான்கு கால்களுக்கும் பழைய காலுறைகளை வெட்டி, உறை மாதிரி தைத்துப் போட்டிருந்தாள் தம்பி மனைவி. மற்ற நாற்காலிகளுக்கும் அப்படியே. சில நைந்து, மேலே இன்னொன்று போட்டுத் தைத்திருந்தது. எத்தனையோ முறை வந்து சாப்பிட்டுப் போன வீடு. அக்கா கவனித்ததே இல்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியின் கையிலிருந்து தட்டு நழுவித் தரையில் உருண்டு அதிர்ந்தது. தம்பி மனைவி சட்டென எழுந்தாள். அவன் கிடந்த முன்னறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு இடைக்கதவை, தாழ்ப்பாள் இடிக்காமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லச் சாத்தினாள்.