கைப்பிடியில் மாவு

அக்காவும் தங்கையும் ஒரே சமையல் கல்லூரியில் சேர்ந்தபோது, "இனிமே நமக்கு ராஜ சாப்பாடுதான்" என்று அப்பா மனப்பால் குடித்தார். பாவம் மனுஷன். வீட்டுக்கு வந்தால் இருவரும் கரண்டியைத் தொடவே மாட்டார்கள்.

பெரியவள் சமையல் பிரிவு, சின்னவள் பேக்கரி பிரிவு. சின்னவள் கையில் வித்தை இருந்தது. காய்ச்சிய சர்க்கரைப் பாகைச் சூட்டோடு இழுத்து மடித்து, இதழ் இதழாகப் பூ செய்வாள். அந்தப் பூவைப் பார்த்த கேக் கடைக்காரர் ஒருவர், தேர்வு முடிந்த கையோடு வேலையில் சேர்ந்துவிடும்படி சொல்லியிருந்தார். பெரியவளை யாரும் கூப்பிடவில்லை. அது அவளுக்கு உறுத்தாமல் இல்லை.

சமையல் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. ஓவனிலிருந்து எடுத்த இரும்பு வாணலிக்கும் அலமாரியில் கிடந்த வாணலிக்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் சூடான வாணலியின் கைப்பிடியில் ஒரு சிட்டிகை மாவு தூவிவிடுவார்கள். மாவைக் கண்டால் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். பேக்கரியிலோ மேசை, தராசு, புருவம் என்று மாவு இல்லாத இடமே கிடையாது. அங்கே சூடான பாத்திரத்தில் சிவப்புத் துணியைச் சுற்றிவைப்பதுதான் வழக்கம்.

பெரியவளின் தேர்வன்று பார்த்துச் சமையல் பிரிவின் ஓவன் மக்கர் செய்தது. அவளைப் பேக்கரிக்கு அனுப்பினார்கள். கோழித் துண்டுகளை ஓவனில் வேகவைத்து எடுத்தாள். அவற்றைத் தட்டுக்கு மாற்றிவிட்டு, காலி வாணலியை மேசைமேல் வைத்து, பழக்க தோஷத்தில் கைப்பிடியில் மாவு தூவினாள். பிறகு சாஸைக் கிளறத் திரும்பினாள்.

மறுநாள் நடக்கவிருந்த தன் தேர்வுக்கு அச்சுகளை எடுத்துவைக்க வந்திருந்த சின்னவள், அக்கா இடம் போதாமல் திண்டாடுவதைப் பார்த்தாள். ஒதுக்கிக் கொடுப்போமே என்று வாணலியை வலது கையால் இறுக்கிப் பிடித்துத் தூக்கினாள்.

அவள் அலறியது வராந்தா வரைக்கும் கேட்டது.

"செஃப், நான் மாவு தூவியிருந்தேன் செஃப்!" என்றாள் பெரியவள். ஓடிப்போய்த் தங்கையின் கையைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் வாயில் வந்தது அதுதான்.

பாடம் நடத்தும் செஃப்தான் ஓடிவந்து, கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்தார். உள்ளங்கைத் தோல் வழன்றிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வர்றியா?"

"கொஞ்சம்தான் பாக்கி செஃப். முடிச்சுட்டு வந்துடறேன்."

முடித்தாள். துண்டுகளை அடுக்கி, சாஸை ஊற்றி, தட்டின் விளிம்பைத் துடைத்துத் தேர்வாளர் முன்னால் வைத்தாள். கை நடுங்கக்கூட இல்லை. தேர்வில் தேறிவிட்டாள்.

சின்னவளின் புண் ஆறியது. ஆனால் விரல்கள் உள்பக்கமாக இழுத்துக்கொண்டன. அந்தத் தோல் இனி பாகின் சூட்டைத் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். கேக் கடைக்காரர் நல்லவர்தான். வீட்டுக்கே வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போய், வேறொருத்தியை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு சின்னவள் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கோபமும் இல்லை, சண்டையும் இல்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். அவளால் பின்னல் போட முடியாது என்பதால் பெரியவள்தான் தினமும் தலை வாரிவிட்டாள். ஒருநாள் தாங்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"அங்க மாவுக்கு அர்த்தமே இல்லன்னு எனக்குத் தோணவே இல்லடி. சத்தியமா."

"எனக்கும்தான் தோணல. அதுக்கு உன்ன நான் ஒண்ணும் சொல்லலியே."

"அப்புறம் ஏண்டி என்ன இப்படி வதைக்கிற?"

சின்னவள் திரும்பவில்லை. மடியில் கிடந்த வலது கையை இடது கையால் மூடிக்கொண்டாள்.

"நான் 'அக்கா'ன்னுதான் கத்தினேன்," என்றாள். "நீ செஃபக் கூப்பிட்ட."