மன்னிக்கப்பட்டவள்

கோட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்த தையல்காரியிடம் பல் டாக்டர் வந்து அழைப்பு வைத்தபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுடைய முன்னாள் புருஷன் எந்தக் காலத்திலோ போட்ட ஒரே ஆல்பத்துக்கு இப்போது ரசிகர் மன்றமாம். டாக்டர்தான் தலைவராம். ஞாயிற்றுக்கிழமை மரச்சாமான் கடை மாடியில் எல்லோரும் கூடி, முழு ஆல்பத்தையும் கேட்கப் போகிறார்களாம்.

"வந்த புதுசுல அதை நாய்கூட சீண்டலையே, டாக்டர்."

"அதுதாங்க அதோட பெருமையே! ஊருக்கெல்லாம் பிடிச்சிருந்தா நாங்க ஏன் கேக்கப்போறோம்?"

பிறகு குரலைத் தாழ்த்தி, "பாட்டுல வர்ற பெண் நீங்கதானே? உங்களை நேர்ல பார்க்கணும்னு எல்லாருக்கும் ஆசை" என்றார். மிருகக்காட்சி சாலைக்கு ஆள் எடுக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

ஆல்பம் ராக்தான், ஆனால் அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டான கன்ட்ரியின் வாடை தூக்கலாக அடிக்கும். குதிரை, புழுதி, முடியாத நெடுஞ்சாலை, ஈவிரக்கமில்லாமல் கைவிட்டுப் போன பெண். குதிரையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் பக்கத்து வீட்டு ஆட்டைக் கண்டாலே சுற்றுவழியில் போவான். கைவிட்டுப் போன கதையும் அதே லட்சணம்தான். போனவன் அவன். ஒரு மத்தியானம், அவளுடைய தையல் கடையில் சூடான இஸ்திரிப் பெட்டியை யாரோ ஒருவருடைய கோட்டின் மேலேயே வைத்துவிட்டு, கவுன் தைக்கக் கொடுக்க வந்தவளோடு கிளம்பிவிட்டான். போன இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, தன்னைத் தெருவில் விட்டுவிட்டாள் என்று பாட்டுக் கட்டினான். அவள் இரண்டு பாட்டுக்கு மேல் கேட்டதில்லை.

அந்தக் கூத்தையும் பார்த்துவிடலாம் என்றுதான் போனாள்.

மாடியில் விற்காத சோபாக்களில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பாதிப் பேர் தலையில் அகல விளிம்புத் தொப்பி. வெயில் படாத முகங்கள். முன் சோபாவில் அவன். தோல் அங்கியின் நடுப் பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்பது தையல்காரியின் கண்ணுக்கு உடனே பட்டது. அந்த ஆல்பத்தில், கம்பி மேல் உருக்குத் துண்டை வழுக்கி இழுக்கும் ஸ்டீல் கிட்டாரை வாசித்தவன் அவனுடைய தம்பி, அவளுடைய கொழுந்தன். இப்போது ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அவனை ஸ்பீக்கர் தூக்கச் சொல்லிவிட்டுப் பின்வரிசையில் விட்டிருந்தார்கள். அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பாட்டு ஓடியது. எதிர்பார்த்ததைவிட மோசமாக இருந்தது. 'கதவைச் சாத்தினாய், மழையில் நின்றேன்' என்று உருகினான். எந்த மழை? எந்தக் கதவு? கடைக் கதவை அவன் திறந்து போட்டுவிட்டுப் போனதில் பக்கத்துப் பூனையல்லவா உள்ளே வந்து படுத்தது!

ஆனால் ஒன்று. அவன் குரல் எங்கே ரொம்பக் குழைகிறதோ, அங்கெல்லாம் ஸ்டீல் கிட்டார் நீளமாக இழுத்துக்கொண்டு மேலே ஏறியது. வார்த்தை அதில் முங்கிப்போனது. சொல்லிவைத்தாற்போல் அங்கேதான் எல்லோரும் கண்ணை மூடினார்கள். அவளுக்கே நெஞ்சை என்னவோ செய்தது, எரிச்சலாக இருந்தது. முன்னால் காக்கிச் சட்டையோடு இருந்த பஸ் டிரைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தையல்காரி குனிந்து கேட்டாள்: "எந்த வரிக்கு அழுறீங்க?"

"வரியா? அதெல்லாம் யாரு கவனிச்சாங்க. அந்தக் கம்பி இழுபடுதுல்ல, அதுக்குத்தான். டிப்போவுல பஸ்ஸை விட்டுட்டு, இதைக் கேட்டுட்டுத்தான் எறங்குவேன்."

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள். "ஏன்டா, பாட்டை அமுக்குற மாதிரி வாசிச்சிருக்கே?"

அவன் நெளிந்தான். "அண்ணன் புளுகுற எடம் வந்தா ஓங்கி இழுத்துடுவேன், அண்ணி. உங்களைப் பத்திச் சொல்றது வெளியில கேக்கக் கூடாதுன்னு."

"ஆல்பம் பூராவுமா?"

"ரெக்கார்டோட ரெண்டாவது பக்கத்துல கை வீங்கிப்போச்சு."

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கடைசிப் பாட்டு அப்போதுதான் முடிந்திருந்தது. தொப்பிகளெல்லாம் திரும்பின. முன் சோபாவிலிருந்து அவன் எழுந்து, நெஞ்சில் கைவைத்து, "சிரிக்கட்டும். நான் அவளை எப்பவோ மன்னிச்சுட்டேன்" என்றான். கைதட்டல் கூரையைப் பிளந்தது. டாக்டர் மூக்கை உறிஞ்சினார்.

அவள் எழுந்து நின்றாள். "ரொம்ப சந்தோஷம். கருகின கோட்டுக்காரர் உங்களை மன்னிச்சாரான்னு தெரியலை. ஆனா ஆல்பம் நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். நல்லா இருக்கிறதெல்லாம் இதோ இவன் கை."

தொப்பிகள் மெக்கானிக்கைப் பார்த்தன. சட்டைப் பையில் ஸ்குரூ டிரைவர், காலில் ரப்பர் செருப்பு. மேதைக்குரிய அடையாளம் எதுவும் தென்படாததால் மறுபடி முன்பக்கம் திரும்பிக்கொண்டன. பஸ் டிரைவரம்மா மட்டும் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் வெட்கத்தில் சோபாவின் விலைச் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் மன்றம் ஆல்பத்தை மறுபடி வெளியிட்டது. உறையில் டாக்டரின் முன்னுரை: அன்று ஒலித்தது குற்ற உணர்ச்சி தாங்காமல் வெடித்த சிரிப்பு என்று ஆராய்ந்திருந்தார். தையல்காரி அதை நிதானமாகப் படித்தாள். பிறகு உறையை வெட்டிக் காலருக்கு அளவு அட்டையாக்கிக்கொண்டாள். நல்ல கெட்டி அட்டை.

ஆல்பத்தைத் தினமும் கடையில் போடுகிறாள். அவன் வாயைத் திறந்ததும் தையல் மெஷினைத் தடதடவென்று மிதிப்பாள். கம்பி இழுபடத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுவாள்.