நின்றுகொண்டு அளந்த பத்து நிமிடம்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை, ஒரு சுவரில் பார்த்து எடுத்தேன். தருமபுரிக்குப் பக்கத்தில், புளியில் கொட்டை எடுக்கும் ஒரு கொட்டகை. சுவரில் சாக்பீஸால் ‘ஒரு ஆளுக்கு 24 கிலோ’ என்று எழுதியிருந்தது. திங்கட்கிழமை முதல் அதை எட்டாதவர்களுக்கு வேலை கிடையாது. விரல் வீங்கிப்போன குள்ளம்மாள்தான் முதலில் போவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஈவிரக்கமற்ற மேலாளர் சந்திரமோகன், தன் செல்போனை எடுத்து...’

(அடித்துவிட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலையில் அங்கே கொட்டை எடுக்கும் மதலேனம்மாளின் பக்கத்தில் நின்று நேரம் பார்த்தார். பத்து நிமிடத்தில் அரைக் கிலோ. மணிக்கு மூன்று. எட்டு மணி நேரத்துக்கு இருபத்துநாலு. பெருக்கலில் பிழையே இல்லை.)

3

“அன்னைக்கு மட்டும் ஏம்மா அவ்வளவு வேகம்?” என்று மதலேனம்மாளிடம் கேட்டேன்.

“பெரிய மனுசன் காலு கடுக்க நின்னாருங்க. சீக்கிரம் முடிச்சு அனுப்பலாம்னு பாத்தேன். நம்மால வந்த வினை.”

மரியாதைக்காகச் செய்த வேகத்தைச் சந்திரமோகன் எட்டால் பெருக்கிவிட்டார்.

4

இந்த அம்மாவை நான் சரியாக எழுதுகிறேனா என்று சந்தேகமாக இருக்கிறது. அழுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவரோ புதன்கிழமை முழுக்கத் தன்னையே அளந்திருக்கிறார். அரைக் கிலோ சேரும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டையைத் தனியே வைத்தார். செல்போனில் மணிக்கொரு முறை அலாரம். அடித்ததும் அடுத்த குவியல்.*

* ஐந்து, நாலு, நாலு, மூன்று, மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. ஆக மொத்தம் இருபத்தாறு கொட்டை, பதின்மூன்று கிலோ. மதியத்துக்கு மேல் விரல் ஒட்டும், இடுப்பு பிடிக்கும். அதெல்லாம் அந்த எட்டுக் குவியலில் அப்படியே தெரிகிறது. நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவன். இவ்வளவு நேர்மையான ஒரு கணக்கை நான் போட்டதே இல்லை.

5

இன்று, வெள்ளிக்கிழமை, என் கண்ணெதிரே மதலேனம்மாள் சந்திரமோகனைக் கூப்பிட்டுக் குவியல்களைக் காட்டினார்.

“நாளைக்கு மறுபடியும் அளங்க சார். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும். ஆனா உக்காந்து அளங்க.”

அவர் குவியல்களை வெகுநேரம் பார்த்தார். “பாக்கலாங்க” என்றார்.

முடிவு ஒன்று: அவர் வந்து உட்கார்ந்து, சாயங்காலம் சுவரில் எழுதியதை அழிக்கிறார். முடிவு இரண்டு: அவர் வரவில்லை, திங்கட்கிழமை குள்ளம்மாள் வீட்டோடு...

6

இரண்டையும் நிறுத்தினேன். வீட்டுக்கு வந்து குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. மதலேனம்மாள் சொன்ன பதில்கள் எல்லாமே ஓரிரு வரிதான். நானும் நின்றுகொண்டேதான் கேட்டிருக்கிறேன். என்னையும் சீக்கிரம் அனுப்பிவிட அவர் கதையைச் சுருக்கியிருக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

நாளை காலை நான் போகிறேன். சந்திரமோகன் வந்தாலும் வராவிட்டாலும் நான் தரையில் உட்கார்ந்திருப்பேன். முடிவு தெரிய வேண்டுமென்றால் நீங்களும் வாருங்கள். தயவுசெய்து உட்கார்ந்து பாருங்கள். நின்றீர்களென்றால் அந்த அம்மா உங்களுக்காகவும் அவசரப்படுவார்.