பெரிய டாக்டரின் குளிர்த்தட்டு

பெரிய டாக்டருக்கு மூளையைவிடக் கேமராவின் மேல்தான் பிரியம் அதிகம். பதினேழு வருடமாக அவர் எதிரே நின்று கத்தியும் பஞ்சும் எடுத்துக் கொடுக்கும் தலைமை நர்ஸுக்கு இது அத்துப்படி.

ஆபரேஷன் மேஜையில் தையல்காரம்மா. மண்டையோட்டில் ஜன்னல் திறந்திருந்தும் முழித்துத்தான் இருந்தாள். மூளைக்கு வலி தெரியாது. வலது கையில் தொடங்கி உடம்பையே உலுக்கும் வலிப்பு அவளுக்கு. அது கிளம்பும் இடத்தை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு, மூளையைக் குளிரவைத்து வலிப்பை அடக்க டாக்டர் தயாரித்த குளிர்த்தட்டை அங்கே வைத்துப் பார்க்க வேண்டும். வலிப்பு அடங்கினால் தட்டு நிரந்தரமாக அவள் தலைக்குள் குடியேறும்.

"தட்டை இப்பவே ஆன் பண்ணிடவா டாக்டர்? குளிர நாலு நிமிஷம் ஆகுமே," என்றாள் நர்ஸ்.

"தட்டோட டிகிரி இறங்கறதை விருந்தாளிங்க பார்க்க வேணாமா? சொல்றப்ப ஆன் பண்ணினா போதும்." கண்ணாடிக்கு அப்பால் கோட்டு போட்ட ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரின் பார்வை, அவசரத்துக்கு நர்ஸ் ஐஸில் புதைத்திருந்த உப்புநீர்ப் பாத்திரத்தில் விழுந்தது. "இதென்ன, சர்பத் கடையா? எடு அதை."

எடுத்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று அந்த மேதை சொல்லவில்லை. தன் முதுகுப் பக்க மேஜையில் வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது தொடுதலில் தையல்காரம்மாவின் விரல்கள் துள்ளின. மணிக்கட்டு, முழங்கை, தோள்... வாய் கோணத் தொடங்கியது. இன்னும் பரவினால், மண்டை திறந்திருக்கும்போதே உடம்பு தூக்கிப் போடும். டாக்டர் தட்டை வைத்தார். பொத்தானை அழுத்தச் சொன்னார். திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழித்தார்.

நர்ஸ் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பினாள், உப்புநீரை எடுத்தாள், மூளைமேல் ஊற்றினாள். எட்டு எண்ணுவதற்குள் கை ஓய்ந்தது.

"பார்த்தீங்களா?" டாக்டர் கண்ணாடியைப் பார்த்துப் பல்லிளித்தார். "என் தட்டு பிடிச்சு நிறுத்திடுச்சு. சிஸ்டர், ரீடிங் சொல்லுங்க."

ஒவ்வொரு அளவையும் மைக்கில் வாய்விட்டுச் சொல்லிப் பதிவு செய்வது அங்கே சட்டம். அதை எழுதியவரும் அவர்தான்.

"தட்டு முப்பத்தொரு டிகிரி," என்றாள் நர்ஸ் நிதானமாக. "நான் ஊத்தின தண்ணி நாலு டிகிரி."

ஐந்து கோட்டுகளும் முன்னால் சாய்ந்தன. விரிப்புக்கு அடியிலிருந்து குழறலாக ஒரு குரல் வந்தது.

"அப்ப அந்தத் தட்டு எனக்கு வேணாங்க. அய்யாவே வெச்சுக்கட்டும்."

"விரலை மடக்குங்கம்மா," என்றாள் நர்ஸ்.

ஐந்து விரலும் மடங்கின. டாக்டர் தட்டை நீட்டினார். வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை.