பேதி மாப்பிள்ளை

ஒரு வருடமாக மாமியார் வீட்டில் அவனுக்குப் பேர் பேதி மாப்பிள்ளை. போன வருடம் குடும்பமாகப் பூங்காவுக்குச் சாப்பிடப் போனபோது அவன் செய்து கொண்டுபோனது முட்டை சாலட். மறுநாள் காலை பதினாறு பேரில் பதினைந்து பேர் கழிப்பறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்கள். அவனும்தான். அவனுடைய நான்கு வயது மகளுக்குக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. தப்பியது கொழுந்தியாள் ஒருத்தி. கறியே தொடாதவள், சாலட்டை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவள். அவளுக்கு இரும்பு வயிறு என்று பேர் வைத்தார்கள். அதோடு விசாரணை முடிந்தது.

அவனுக்கு வேலை குளிர்பதனக் கிடங்கில். கறிப் பெட்டிகள் எத்தனை டிகிரியில் இருக்கின்றன என்று அளந்து எழுதுவது. சாலட்டை ஐஸ் பெட்டியில்தான் கொண்டுவந்தேன், வெப்பமானி நாலு டிகிரி காட்டியது என்று சொல்லிப் பார்த்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனிடம் வெப்பமானியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. செய்தி கிடங்குக்கும் போய்விட்டது. "ஊருக்கெல்லாம் டிகிரி பாக்குறவன் வீட்டுல கோட்டை விட்டுட்டான்" என்று பெட்டி இறக்குகிறவர்கள் அவன் காதுபடவே சொன்னார்கள். அது உறைத்தது.

இந்த வருடம் மாமியார் தொலைபேசியிலேயே வேலையைப் பிரித்துவிட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க ஒண்ணும் சமைக்க வேண்டாம். கை கழுவத் தண்ணி, சோப்பு, துண்டு. அது போதும்."

"சரி அத்தை."

"அதுலயாவது எதையும் கலந்துராதீங்க."

பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது.

கொடுத்த வேலையை அவன் ஒழுங்காகச் செய்தான். குழாய் வைத்த இரண்டு கேன்களைப் பூங்காவின் மரத்தடிப் பெஞ்சில் ஏற்றி, சோப்புடன் காவலுக்கு நின்றான். கையைக் கழுவாமல் ஒருவரும் மேசைப் பக்கம் போக முடியவில்லை.

"எனக்கு எதுக்கு மாமா? நான்தான் இரும்பாச்சே," என்றாள் கொழுந்தியாள்.

"இரும்பும் துருப்பிடிக்கும். கையை நீட்டு. இருபது எண்ணுற வரைக்கும் தேய்."

கோழி சுடுவது மச்சானின் பொறுப்பு. மனைவியின் அண்ணன்; பள்ளி வேன் ஓட்டுகிறவர். வேனுக்குப் பின்னால் அடுப்பை மறைத்து வைத்துச் சுடுவார். பக்கத்தில் யாரும் வரக்கூடாது, தொழில் ரகசியமாம். கை கழுவாத ஒரே ஆள் அவர்தான் என்பதால் அவன் குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனான்.

வெந்த துண்டுகள் தட்டில் அடுக்கியிருந்தன. பக்கத்தில், காலையிலிருந்து பச்சைக் கோழி ஊறிய கிண்ணம். அதன் அடியில் கிடந்த சிவப்புச் சாற்றை மச்சான் கரண்டியில் அள்ளினார்.

"என்ன மச்சான் இது?"

"பாத்துட்டீங்களா? கடைசியா இதை மேல ஊத்தணும் மாப்ளே. அப்பத்தான் அந்தப் பளபளப்பு. போன வருஷம்தான் கண்டுபிடிச்சேன்."

போன வருடம். கறி தொடாத கொழுந்தியாள். அவன் குடத்தைக் கீழே வைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அடுத்து வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். நாளைக் காலை கதவுகள் தட்டப்படும். அவன் கொண்டுவந்ததோ தண்ணீரும் சோப்பும். பேர் தானாக வெளுத்துவிடும். தடுத்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததே முட்டைதான் குற்றவாளி என்பதற்குச் சாட்சியாகிவிடும். மகளை மட்டும் ஏதாவது சொல்லிச் சாப்பிடாமல் செய்துவிடலாம் என்றுகூடக் கணக்குப் போட்டான்.

"முதல் தட்டு சின்னப் பிள்ளைங்களுக்கு," என்று மச்சான் கரண்டியைச் சாய்க்கப் போனார்.

அவன் கரண்டியைப் பிடுங்கினான். கிண்ணத்தை அப்படியே மண்ணில் கவிழ்த்தான்.

"கிறுக்கா உங்களுக்கு?"

"பச்சைக் கோழி ஊறின தண்ணி மச்சான் இது."

"அடுப்புச் சூட்டுல எல்லாம் செத்துரும்."

"அடுப்புல இருந்து எடுத்த பிறகுல்ல ஊத்துறீங்க."

மச்சான் தட்டைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார்.

"அப்ப போன வருஷம்..."

"ஆமா."

"பாப்பாவுக்குக் குளுக்கோஸ் ஏத்துனது..."

"ஆமா. கையைக் கழுவுங்க. கரண்டியையும்."

மச்சான் இருபதைத் தாண்டியும் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மேசைக்குத் தட்டு வந்ததும் மாமியார் கேட்டார், "எங்கடா அந்தப் பளபளப்பு?"

மச்சான் தேள் கொட்டின திருடனைப் போல நின்றார்.

"கிண்ணத்தை நான் கவுத்துட்டேன் அத்தை."

"போன வருஷம் எங்களைக் கவுத்தீங்க. இந்த வருஷம் கிண்ணம் மட்டும்தானா? பரவாயில்ல, தேறிட்டீங்க."

மேசையே சிரிப்பில் குலுங்கியது. அவன் உண்மையைச் சொல்லாததற்குப் பெருந்தன்மை காரணம் இல்லை. பேதி மாப்பிள்ளை சொன்னால் யார் நம்புவார்கள்? சாட்சியையும் மண் குடித்துவிட்டது. கறி நன்றாகத்தான் இருந்தது. பளபளப்பு இல்லாதது யார் நாக்குக்கும் தெரியவில்லை. மகள் இரண்டு துண்டு சாப்பிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, கைப்பேசியில் குடும்பக் குழுவில் மாமியார் எல்லோர் வயிற்றையும் விசாரித்தார். பதினாறு வயிறும் நலம். உடனே தீர்ப்பு வந்தது: "பாத்தீங்களா? முட்டை வரல, பேதியும் வரல."

அவன் நினைத்தபடியேதான். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரொட்டியைக் கடித்தான்.

"என்னங்க, இதைக் கேளுங்க," என்று மனைவி தன் கைப்பேசியை நீட்டினாள். குழுவில் மச்சானின் குரல் பதிவு, பின்னால் வேன் உறுமும் சத்தம்.

"அம்மா, போன வருஷம் முட்டை இல்ல. நான்தான். கோழி ஊறின பச்சைச் சாறை வெந்த கறி மேல ஊத்தினேன். முந்தாநாள் மாப்ளே கவுத்தது அதைத்தான். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல. பேதின்னா இனிமே என்னைச் சொல்லுங்க."

முதல் பதில் கொழுந்தியாளிடமிருந்து வந்தது.

"அப்ப என் வயிறு இரும்பு இல்லையா?"

அதற்குப் பிறகு சிரிப்புப் பொம்மைகள் வரிசையாகக் கொட்டின. கடைசியில் மாமியார், மகனுக்கு: "அடுத்த வருஷம் தண்ணிக்கு நீ." அதற்குக் கீழே: "மாப்பிள்ளை, முட்டை நீங்க. கூடுதலாவே செய்ங்க."

"ஏதாவது பதில் போடுங்க," என்றாள் மனைவி.

அவன் ரொட்டியை மென்று விழுங்கிவிட்டுத் தட்டினான்: "ரெண்டு ஐஸ் பெட்டி வேணும்."