பினாங்கு லைன்

மூன்று தடவை முயன்ற பிறகு, ஒன்பதே காலுக்குத்தான் பினாங்கு லைன் கிடைத்தது. ராபின்சன் ரோட்டில் நாலாவது மாடி, கப்பல் ஏஜென்சியின் டெலக்ஸ் தந்தி மெஷின் அறை. அங்கே ஏர்கான் போட்டது மெஷினுக்காக, ஆளுக்காக அல்ல. உர்சுலா ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு சரக்குப் பட்டியலை அடித்து முடித்தாள். பினாங்குக் கிளையில் ஜரீனா வாங்கிக்கொண்டு, கிடைத்தது என்று பதில் அடித்தாள். அதோடு லைனை வெட்டியிருக்க வேண்டும். இருவரும் வெட்டவில்லை.

இங்கே அடிப்பது அங்கே அச்சாகும், அங்கே அடிப்பது இங்கே. ஆங்கில எழுத்தில் தமிழ். ஆறு வருடமாக இப்படித்தான். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்ததில்லை, குரலைக் கேட்டதுமில்லை.

"அவரு இன்னிக்கும் சாப்பாட்டு டப்பாவ எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டாரு," என்று அடித்தாள் உர்சுலா.

அவள் புருஷன் இயேசுதாசன் கப்பல் பட்டறையில் வெல்டர். எண்பத்தைந்தில் பட்டறை ஆட்களைக் குறைத்தபோது அவன் பெயரும் பட்டியலில் இருந்தது. இரண்டு மாதமாயிற்று. மார்சிலிங் அடுக்குமாடி புளோக்கில் யாருக்கும் தெரியக் கூடாதென்று, காலை ஆறரைக்கு யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். வீடு உர்சுலாவின் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மாதா கோயிலில் யாரிடமாவது வாய்விட்டால், ஜெபமாலை முடிவதற்குள் பங்கு மக்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் அவளுக்கு ஜரீனாதான்.

"எங்க போறாரு?"

"பஸ்ஸுல கடைசி ஸ்டாப் வரைக்கும். அங்கேயே ஒக்காந்து சாப்ட்டுட்டு வராரு. எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது. ராத்திரி டப்பாவக் கழுவும்போது அழுகையா வருது."

 பதிலுக்கு மெஷின் மெதுவாகத் தட்டத் தொடங்கியது.

"அழுங்க அக்கா. எனக்கு ஏழாம் மாசத்துல புள்ள வயித்துலயே போயிடுச்சு. போன மாசம். நாலாம் நாளே வேலைக்கு வந்துட்டேன். அழாத, அழாதன்னுதான் வீட்ல எல்லாரும் சொல்றாங்க. பேரு கூட பாத்து வச்சிருந்தேன். ஒங்ககிட்டதான் சொல்றேன்."

அன்றைக்கு உர்சுலா கதவைச் சாத்திவிட்டு ஆசை தீர அழுதாள். தனக்காகவும், முகம் தெரியாதவளுக்காகவும். அழுதபின் மனசு லேசாகத்தான் இருந்தது. பேசி முடித்தால் வெள்ளைத் தாளையும், மெஷினுக்குப் பின்னால் தானாகச் சுருளும் கார்பன் பிரதியையும் சேர்த்துக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். அன்று வெள்ளைத் தாளை மட்டும் கிழித்தாள்.

பத்து நாள் கழித்து மேனேஜர் மிஸ்டர் கோ கூப்பிட்டனுப்பினார். இரண்டு கிளைக்கும் அவர்தான் பெரியவர். மேசையில் அந்தக் கார்பன் பிரதி விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"இது என்ன பாஷை?" என்றார் ஆங்கிலத்தில்.

"தமிழ் சார்."

"ஒரு வரி விடாமல் இங்கிலீஷில் டைப் பண்ணிக் கொடு."

அவர் குரலை உயர்த்தவில்லை. அவள் உட்கார்ந்து பஸ்ஸை அடித்தாள், டப்பாவை அடித்தாள், ஜரீனாவின் பிள்ளையை அடித்தாள்.  அவர் வாங்கிப் படித்துவிட்டு, இரண்டு எழுத்துப் பிழைகளைச் சிவப்புப் பேனாவால் திருத்திக் கோப்பில் வைத்தார். கம்பெனி நேரத்தில் கம்பெனி லைனில் சொந்தப் பேச்சு, இன்றோடு வேலை முடிந்தது என்றார்.

வெளியே மாணிக்கம் காத்திருந்தான். பில் பிரிவு கிளார்க்.

"அக்கா, அடுத்த மாசம் பேக்ஸ் மெஷின் வருது லா. ஆர்டர் நாந்தான் டைப் பண்ணேன். டெலக்ஸுக்கு இனி ஆள் வேணாம். ஒங்கள எப்படியும் நிறுத்தியிருப்பாங்க. ஆள் குறைப்புன்னா ஒம்போது வருஷத்துக்கு நஷ்ட ஈடு குடுக்கணும். தப்பு பண்ணீங்கன்னா ஒண்ணும் குடுக்க வேணாம்ல."

உர்சுலா கைப்பையை எடுக்க உள்ளே போனாள். மிஸ்டர் கோ ஒரு தாளோடு டெலக்ஸ் அறைக்கு வந்தார்.

"கடைசியாக இதை அனுப்பு. அனுப்பினால், அடுத்த வேலைக்கு உதவுகிற மாதிரி ஒரு கடிதம் தருகிறேன்."

பினாங்கு ஆபரேட்டரும் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார், பெற்றுக்கொண்டதற்கு ஆபரேட்டர் தன் பெயரை அடிக்கவும் என்று எழுதியிருந்தது.

"சார், அவ மேல தப்பில்ல. நாந்தான் பேச ஆரம்பிச்சேன்."

"இரண்டு பேரும்தானே அடித்திருக்கிறீர்கள்."

உர்சுலாவுக்கு மார்சிலிங் வீடு நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தாள். லைன் முதல் தடவையிலேயே கிடைத்தது. அவள் அடித்து முடித்ததும் மெஷின் அப்படியே நின்றது.  பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு எழுத்தாக ஜரீனாவின் பெயர் தாளில் விழுந்தது.

மிஸ்டர் கோ கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தாளின் ஓரத்தில் நேரத்தைக் குறித்தார்.

"லைனை வெட்டு."

உர்சுலாவின் விரல்கள் மடியில் இருந்தன. லைன் திறந்திருப்பதைக் காட்டும் சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பினாங்கிலும் யாரும் வெட்டவில்லை. அவர் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, தானே பொத்தானை அமுக்கினார்.