ஈசானி மூலை

குழாய் உடைந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் உடைந்த இடம் நடவு முடிந்த வயலுக்கடியில். கறுப்பாக, கொழகொழவென்று கச்சா எண்ணெய் பொங்கிக் கிழக்கே ஊர்ந்தது. கிழக்கேதான் ஊரே குடிக்கிற குளம் இருக்கிறது. காலையிலிருந்து ஒரு தவளைகூடக் கத்தவில்லை.

தடுக்க ஒரே வழி, நடுவில் பள்ளம் வெட்டித் தேக்குவது. அதற்கு ஊராட்சித் தலைவர் அவசர அனுமதி தர வேண்டும். தலைவர் பெயர் அம்சம். பள்ளத்துக்குத் தோதான தாழ்ந்த இடம், கொடுமையைப் பாருங்கள், அம்சத்தின் வயலிலேயே ஈசானி மூலை.

"அங்க கோயிலு, சமாதி ஏதும் இருக்காம்மா? இருந்தா அனுமதியில குறிக்கணும்" என்றார் துணை தாசில்தார்.

"ஒண்ணுமில்லங்க சார். பாம்புப் புத்து ஒண்ணு இருந்துச்சு, அதான் உழாம விட்டிருக்கோம்" என்றாள் அம்சம். நாற்பது வருஷமாக வீட்டில் சொல்லிப் பழகிய பொய். நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

பாம்பாவது புற்றாவது! அங்கே கிடப்பது அவள் அப்பா தங்கையன். கூலித் தகராறில் வெட்டுப்பட்டுச் செத்தார். எதிர்த்தரப்பிலும் ஒருவன் செத்து விழுந்திருந்தான். போலீஸ் வந்தால் தெருவையே அள்ளிக்கொண்டு போகும் என்று பயந்து, கூட இருந்தவர்கள் தகராறு நடந்த பண்ணையார் வயலிலேயே அவரைப் புதைத்துவிட்டு, ஆள் ஓடிப்போய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்த நிலம் அவர் குடும்பத்துக்கே வந்தது. ஆனால் அவர் பெண்டாட்டி, அம்சத்தின் அம்மா காத்தாயி, உண்மை தெரிந்தும் சாகும்வரை தாலியும் பொட்டுமாகவே இருந்தாள். வாய்விட்டு ஒரு நாள் அழுததில்லை, பாவி மகள்.

அம்சம் கையெழுத்துப் போட்டாள். "இடுப்பளவுக்கு மேல தோண்டாதீங்க, ஊத்து கெளம்பிரும்" என்று மட்டும் சொன்னாள்.

பொக்லைன் தோண்டி முடித்தது. உள்ளே திருப்பிவிட்ட எண்ணெய் பரவிக்கொண்டே வந்து, மூலையில் நின்றது. நின்றதென்றால் நின்றதுதான். ஓர் ஆள் மல்லாந்து படுத்த நீளத்துக்கு மண் காய்ந்து கிடந்தது. தலை, தோள், சற்றே அகன்ற கால்கள். சுற்றிலும் எண்ணெய் முழங்கால் உயரம் ஏறியும் உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. பொக்லைன்காரர் குதித்து ஓடியேவிட்டார்.

பள்ளம் பாதிகூட நிரம்பவில்லை. அதற்குள் எண்ணெய் பின்வாங்கி, வரப்பேறி, குளத்துப் பக்கம் நழுவத் தொடங்கியது.

துணை தாசில்தார் அம்சத்தின் பக்கம் திரும்பினார். "அங்க... யாரும்மா?"

சொன்னால் பழைய கொலை வழக்கு கிளம்பும். புதைத்தவர்களில் மிச்சமிருக்கும் ஒரே ஆள், காத்தாயியின் தம்பி ரெத்தினம், இதோ கரையில் நிற்கிறார். அம்சம் அவரைப் பார்த்தாள்.

"சொல்லிரு புள்ள" என்றார் ரெத்தினம். "நான் பாத்துக்கறேன்."

"எங்கப்பா, சார்." பிறகு ஊருக்கே கேட்கக் கத்தினாள். "எங்கப்பா தங்கையன்! எங்கயும் ஓடிப் போவல! இங்கதான் கெடக்குறாரு!"

எண்ணெய் அசைந்தது. கால்மாட்டிலிருந்து மெதுவாக, போர்வையை இழுத்து மூடுவதுபோல் ஏறி, முகம் இருந்த இடத்தையும் மூடியது. வரப்பேறிய எண்ணெயும் பள்ளத்துக்கே திரும்பியது. குளம் தப்பித்தது.

அம்சம் வரப்பில் தொப்பென்று உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். தெருப் பெண்கள் ஓடிவந்து, அவளைச் சுற்றித் தோளோடு தோள் சேர்த்துக் குனிந்தார்கள். ஒப்பாரியில் மகள் 'என்னப் பெத்தாரே' என்றுதான் எடுக்க வேண்டும். அம்சத்தின் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்குத் தாலி கட்டுன ராசாவே..."

ரெத்தினம் அப்படியே நிலத்தில் விழுந்து கும்பிட்டார். கூடப் பிறந்தவள் குரல் அவருக்குத் தெரியாதா!